அரத்தின் பல்லிடுக்கில்

பழைய இங்கிலீஷ் படங்களில் ஜெயிலில் இருக்கும் ஹீரோவுக்கு ரொட்டிக்குள் ஒளித்து ஒரு சாமான் வரும். ராத்திரி முழுக்க ஜன்னல் கம்பியை ராவிக்கொண்டே இருப்பார். விடிவதற்குள் ஆள் எஸ்கேப். அந்தச் சாமான்தான் அரம். சரி, கம்பி அறுந்தபிறகு அந்த அரம் என்ன ஆனது? அதன் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்ட இரும்புத்தூளை யார் எடுத்தார்கள்? எந்த டைரக்டரும் காட்டியதில்லை.

எனக்கும் அந்தக் கவலை வந்திருக்காது. என் மகன் ஒரு பிளாஸ்டிக் விமான மாடல் வாங்கினான். கூடவே பத்து ஊசி அரங்கள் கொண்ட ஒரு பாக்கெட். இறக்கையின் பிசிறை எல்லாம் அவன் ஒழுங்காகத்தான் ராவிக்கொண்டிருந்தான். நடுவில் நான் புகுந்தேன். டேபிள் லேம்ப்பில் பற்றவைத்த இடம் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அரம் கையில் இருக்கிறதே என்று நாலு இழுப்பு. அவ்வளவுதான். ஈயம் போய் பல்லுக்குப் பல் அப்பிக்கொண்டு, அரம் கண்ணாடி மாதிரி வழவழத்துவிட்டது. புத்திசாலித்தனமாக இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்தேன். இன்னும் மோசம்.

எங்கள் தெருமுனையில் ஒரு நகை ஆசாரி இருக்கிறார். கொண்டுபோய் நீட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அரம் தேயல சார். அடைச்சுக்கிச்சு. ஈயத்தை எதுக்கு சார் இதுல போட்டீங்க?"

ஈயம் தொட்ட அரத்தை அவர் தங்கத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக மாட்டாராம். துளி ஈயம் கலந்தாலும் தங்கம் நொறுங்கிப்போகும். பேசிக்கொண்டே ஒரு பித்தளைத் தகடை எடுத்தார். அரத்தின் குறுக்கே அல்ல, பல்வரிசை போகிற சாய்விலேயே வைத்து அழுத்தித் தள்ளினார். பித்தளை மெதுவான உலோகம் இல்லையா? பத்துத் தள்ளலில் தகடின் விளிம்பிலேயே அரத்தின் பல்லுக்கு ஏற்ற ஒரு சீப்பு உருவாகிவிட்டது! அந்தச் சீப்பு இடுக்கில் இறங்கி ஈயத்தைச் சுருள் சுருளாக வெளியே தள்ளியது.

ஐம்பது ரூபாய் சமாசாரத்துக்கு இத்தனை பாடா என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் அரம் மலிவானது நேற்று முந்தாநாள்தான்.

அரத்துக்குப் பல் எப்படி வந்தது தெரியுமா? ஒருத்தர் உட்கார்ந்து, உளி வைத்து, சுத்தியலால் அடித்து, ஒவ்வொன்றாக எழுப்பினார். ஓர் அடிக்கு ஒரு வரி. ஒரு சின்ன அரத்துக்கே நூற்றுக்கணக்கான அடி. வெட்டி முடித்ததும் நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இறுக வைக்கவேண்டும். அப்போது பல்லின் நுனி கருகிவிடாமல் இருக்க மேலே ஒரு பூச்சு. 12-ம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற ஐரோப்பியத் துறவி எழுதிவைத்த கைத்தொழில் நூலில், பன்றிக்கொழுப்பு தடவி, ஆட்டுத்தோல் சுற்றி, களிமண் பூசிச் சுடும் முறையே இருக்கிறது. பின்னாளில் இங்கிலாந்தில் உப்பும் பீர் வண்டலும் கலந்து பூசினார்கள். பீர்தான்! வாரிங்டன் ஊரில் பீட்டர் ஸ்டப்ஸ் (1756-1806) என்று ஒருத்தர். சொந்தமாக ஒரு சத்திரம், அதில் பீர் வியாபாரம். இன்னொரு பக்கம் அரம் செய்யும் தொழில். இங்கே மிஞ்சும் வண்டல் அங்கே மூலப்பொருள். பி.காம். படித்த எனக்கு இவர்மேல் தனி மரியாதை. இவருடைய அரங்களுக்குக் கடிகாரம் செய்கிறவர்களிடம் பெரிய பெயர்.

ஷெஃபீல்டில் கதை வேறு. அங்கே அரத்தை ஈயக்கட்டி மேல் வைத்துத்தான் வெட்டினார்கள். ஒரு பக்கம் பல் போட்டுத் திருப்பி வைத்தால், கீழே இருக்கும் புதுப்பல் மழுங்கக்கூடாது. அதற்கு ஈயம் மாதிரி மெத்தை கிடையாது. சுத்தியல் விழ விழ ஈயத்தூள் பறக்கும். சின்ன உளி வழுக்காமல் இருக்க விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பிடிப்பது அவர்கள் வழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் உள்ளே போகும். முதலில் வயிற்றுவலி. ஈறில் நீலக்கோடு. கடைசியில் மணிக்கட்டு துவண்டு கை தொங்கிவிடும். சுத்தியல் பிடித்தே பிழைத்தவருக்குக் கை தொங்கினால் என்ன மிச்சம்? வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பெண்களும் பிள்ளைகளும்கூட இந்த வேலை செய்தார்கள்.

அதற்காக அவர்கள் இயந்திரத்தை வரவேற்றார்களா? ம்ஹும். 1866-ல் கூலி உயர்வு கேட்டும் வெட்டும் இயந்திரத்தை எதிர்த்தும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஈயம் மெதுவாகத்தான் கொல்லும், பசி உடனே கொல்லும். லியனார்டோ டா வின்சியே அரம் வெட்ட ஓர் இயந்திரம் வரைந்து வைத்திருந்தார். ஆனால் அமெரிக்காவில் வில்லியம் நிக்கல்சன் 1864-ல் கம்பெனி தொடங்கிய காலத்தில்தான் அது உருப்படியான தொழிலாக மாறியது.

இவ்வளவு பாடுபட்ட பொருளை யாராவது தூக்கிப் போடுவார்களா? அன்றைக்கு மழுங்கிய அரத்தைத் திருப்பி அனுப்புவார்கள். காய்ச்சி மெதுவாக்கி, தேய்த்து, மறுபடி பல் வெட்டித் தருவார்கள். நம் ஊசி அரத்தில் அதெல்லாம் நடக்காது. மெலிசு. போனால் போனதுதான்.

அரத்தைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் கம்பி பிரஷுக்கு 'ஃபைல் கார்டு' என்று பெயர். விசிட்டிங் கார்டு மாதிரி ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். கம்பளியும் பஞ்சும் சிக்கெடுக்க, தோலில் குட்டிக்குட்டிக் கம்பிகளைக் குத்திச் செய்த வார்சீப்புக்குத்தான் முதலில் கார்டு என்று பெயர். மூலம், முட்செடியைக் குறிக்கும் லத்தீன் வார்த்தை. அந்தக் கம்பிகளையும் ஒரு காலத்தில் பெண்களும் குழந்தைகளும் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகினார்கள். 1797-ல் அமோஸ் விட்டமோர் என்ற அமெரிக்கர் அதற்கு இயந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். நெசவாலையின் அந்தக் கம்பித்தோலை ஒரு கட்டையில் அடித்தால் அரத்துக்கு பிரஷ் ரெடி.

ஆனால் பட்டறையின் பெரிய அரத்துக்குத்தான் அது சரி. ஊசி அரம் வாட்ச் தொழிலின் சொத்து. சுவிட்சர்லாந்தில் ஜூரா மலையடிவாரத்தில் வல்லோர்ப் என்ற ஊர் இதற்கே பேர்போனது. சுவிஸ் கணக்கில் அரத்துக்கு 00-ல் தொடங்கி நம்பர் போடுவார்கள். நம்பர் ஏற ஏறப் பல் பொடி. நாலுக்கு மேல் போனால் கார்டின் கம்பி இடுக்கில் இறங்கவே இறங்காது, மேலே உரசி முனையைத்தான் கெடுக்கும். நான் செய்த தப்பும் அதேதான்.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் மாடலைச் சல்லிசாக வூல்வொர்த் கடைகளில் விற்க ஆரம்பித்த பிறகு, கடிகாரக்காரரின் கருவி பள்ளிக்கூடப் பையன்களின் மேஜைக்கும் வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்குப் பித்தளைகூட வேண்டாம். பழைய டூத்பிரஷ் போதும். சூட்டில் இளகி ஒட்டிய பாலிஸ்டிரீன் என்றால் அசிட்டோன் கரைத்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடியில் பட்டால் அதுவும் கரையும், ஜாக்கிரதை. அலுமினியம் ராவுவதற்கு முன்னால் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் அடைக்காது. வேலை முடிந்ததும் அந்தப் பொடியைத் தட்டிவிடவேண்டும், ஈரத்தை இழுக்கும். எண்ணெய்? துரு பிடிக்காது, ஆனால் தூள் சேறாகி ஒட்டும். பத்து அரத்தையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்குவதுதான் மகா பாவம். எஃகு இறுக இறுகக் கண்ணாடி மாதிரி. ஒன்றோடொன்று மோதினால் பல் உடையும்.

ஆசாரி தன் அரத்தை பிரஷ் பண்ணும்போது கீழே ஒரு தட்டு வைத்திருந்தார். தங்கத்தூள். ஒரு பொட்டுகூட வெளியே போகாது. என் அரத்தை முடித்துக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "அந்த ஈயத்தை மட்டும் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுப் போயிருங்க சார்" என்றார்.