காடும் கைக்கருவியும்



எங்கள் ஊராகிய திருத்தங்கலுக்குச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. தங்கால் என்பது அங்கே அதன் பெயர். அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் வேதம் ஓதிய திறத்தை மெச்சி, வழிச்சென்ற பெரியவர் ஒருவர் அணிகலன்களைப் பரிசளித்தார். அவற்றைக் கண்ட அரச ஊழியர்கள், புதையல் கவர்ந்தவன் என்று கூறிச் சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையிலிட்டனர். எங்கே கிடைத்தது, எப்பொழுது கிடைத்தது என்று வினவுவார் இல்லை. பின்னர்ப் பாண்டியன் உண்மையுணர்ந்து அவனை விடுவித்தான். கண்டதை மட்டும் கொண்டு, இடமும் காலமும் ஆராயாது முடிவு கட்டிய பிழை அது. அத்தகைய பிழை காட்டிலும் நேர்ந்துள்ளது.

எங்கள் ஊருக்கு மேற்கே திருவில்லிபுத்தூர் மலைகள் உள்ளன. 1988-இல் அங்கே சாம்பல் நிற அணில்களுக்கென ஒரு சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. மனிதர் கண்ணுக்கு எளிதில் அகப்படாத விலங்கை எவ்வாறு எண்ணுவது?

1966-இல் ஒடிசாவைச் சேர்ந்த வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி ஒரு முறையை வகுத்தார். புலியின் காலடித்தடத்தின்மேல் கண்ணாடியை வைத்து, அதன் உருவை வரைந்து, தாளில் படியெடுப்பார்கள். 1972-இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பு 1,827 புலிகள் எனக் கூறிற்று. ஆனால் ஒரே பாதம் சேற்றில் ஒருவிதமாகவும் மணலில் வேறுவிதமாகவும் பதியும். வரைந்த தாளோ, அத்தடம் எங்கே எந்நாளில் எடுக்கப்பட்டது என்பதற்குத் தானே சான்று கூறாது. இராசத்தான் மாநிலத்துச் சரிஸ்காவில் ஏடுகள் புலிகள் உண்டென்றே கூறி வந்தன. 2005-இல் தேடியபோது ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டையாடுவோர் அவற்றை அழித்துவிட்டனர்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, தென்னாப்பிரிக்காவில் வேறொரு முயற்சி நடந்திருந்தது. லூயி லீபன்பர்க் என்பவர், கலகாரிப் பாலையில் தடம் அறிவோரோடு பழகியவர். 1990-களில் அவர் 'சைபர் டிராக்கர்' என்ற கைக்கணினி முறையை உருவாக்கினார். திரையில் எழுத்துக்குப் பதிலாகப் படங்கள் இருக்கும். கண்ட விலங்கின் படத்தைத் தொட்டால், செயற்கைக் கோள்களின் துணையால் இடமும் நேரமும் தாமே பதிவாகும். காரூ தேசியப் பூங்காவின் காரல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே ஆகிய இருவரும் எழுதப் படிக்க அறியாதவர்கள். அவர்கள் இக்கருவியால் காண்டாமிருகங்களைப் பற்றித் திரட்டிய செய்திகள் 1999-இல் ஆய்விதழில் கட்டுரையாயின. அதில் அவ்விருவர் பெயரும் ஆசிரியர் பெயர்களாக இடம்பெற்றன. ஏட்டுக்கு எட்டாதிருந்த கானறிவு ஏடேறிற்று.

நம் நாட்டில் 2010-இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனஉயிரின நிறுவனமும் 'எம்-ஸ்டிரைப்ஸ்' என்ற முறையைத் தொடங்கின. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது கைபேசிச் செயலியாகப் பயன்பட்டது. காவலர் நடந்த வழியையும், கண்ட தடம், எச்சம் முதலியவற்றையும் கைபேசி பதிந்து கொள்ளும். காட்டில் தொலைபேசித் தொடர்பு இல்லாவிடினும், செயற்கைக் கோளின் குறிப்பு கிடைக்கும். முகாமுக்குத் திரும்பியபின் செய்திகளை அனுப்பலாம்.

இதன் பெரும்பயன் ஒன்று உண்டு. 'புலி இல்லை' என்பதும் 'அங்கே எவரும் சென்று பார்க்கவில்லை' என்பதும் பழைய ஏட்டில் ஒன்றுபோலவே வெறுமையாக நின்றன. இப்பொழுது நடந்த வழி படத்தில் கோடாகத் தெரிகிறது. நடக்காத இடமும் தெரிகிறது. ஆயினும் சிறுத்தையின் தடத்தைப் புலித்தடம் என்று அழுத்தினால், கருவி மறுக்காது. பழகிய கண்ணும் நேர்மையான நெஞ்சும் மனிதரே தர வேண்டியவை.

மாணவர்களே, பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கால் மணி நேரம் நில்லுங்கள். கண்ட பறவைகளை இடமும் நேரமும் இட்டுப் பதியுங்கள். ஐயமான பறவையை ஐயம் என்றே குறியுங்கள். ஒன்றும் காணாவிடின், ஒன்றும் காணவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு சான்றே.