சிவசமுத்திரத்து அருவியும் கோலார் தங்கவயலும்

மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கும் காவிரி, சிவசமுத்திரம் என்னும் ஆற்றிடைத் தீவைச் சுற்றி இரு கிளைகளாகப் பிரிந்து, ககனசுக்கி, பாரசுக்கி என்ற இரண்டு அருவிகளாக விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இடக்கரை மைசூர் அரசுக்கும், தீவும் வலக்கரையும் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்துக்கும் உரியனவாக இருந்தன.

இந்த நீர்வீழ்ச்சியைத் தொழிலுக்குத் திருப்பிய தேவை, ஏறத்தாழ 147 கிலோமீட்டருக்கு அப்பால் கோலாரில் எழுந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் நிர்வகித்த சுரங்கங்கள் ஆழமாக ஆழமாக, நீர் இறைக்கவும் பாரம் தூக்கவும் பாறை நொறுக்கவும் வேண்டிய ஆற்றல் பெருகியது. விறகும் தொலைவிலிருந்து வரவேண்டிய நிலக்கரியும் கொண்டு ஓடிய நீராவி எந்திரங்களால் செலவு கட்டுப்படவில்லை. திவான் சேஷாத்ரி ஐயரின் ஆதரவுடன், மைசூர்ப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் நீர்மின் திட்டத்தை வகுத்தார். அருவிக்கு மேலே திருப்பப்பட்ட நீர் கால்வாய் வழியே வந்து, சுமார் 400 அடி சரியும் இரும்புக் குழாய்களில் இறங்கி, டர்பைன் எனப்படும் நீர்ச்சுழலிகளைச் சுழற்றியது. அச்சுழலிகளுடன் பிணைந்த மின்னாக்கிகள் தந்த மின்சாரம், 30,000 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்துக்கு உயர்த்தப்பட்டுக் கம்பி வழியே கோலார் சென்றது. மின்னழுத்தம் உயர உயரக் கம்பியில் ஏற்படும் இழப்பு குறையும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1902 ஜூன் இறுதியில் சுரங்கங்களுக்கு மின்சாரம் பாய்ந்தபோது, அது உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக இருந்தது. சேஷாத்ரி ஐயர் அதைக் காணாமலே 1901-இல் காலமானார். பெங்களூர் நகரின் தெருக்கள் 1905-இல்தான் ஒளி பெற்றன. வீதிகளுக்கு முன்பே சுரங்கத்துக்கு, அதாவது வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்த அந்த இருளுக்கு, காவிரியின் ஆற்றல் சென்றுசேர்ந்தது.

ஆயினும் காவிரி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. சுரங்கமோ ஒரு நாளும் நிற்க இயலாதது. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய கோடையில் அருவி மெலிந்தபோதெல்லாம் மின்னுற்பத்தி தடுமாறியது. மேலே நீரைத் தேக்கிச் சீராக விடுவதே தீர்வு என்று கருதிய பொறியாளர் விசுவேசுவரய்யா, பாசனத்தையும் சேர்த்து, கண்ணம்பாடியில் பேரணை ஒன்றைத் திட்டமிட்டார். 1911-இல் தொடங்கிய அந்தக் கிருஷ்ணராஜசாகர் அணைக்கு, 11 டி.எம்.சி., அதாவது 1,100 கோடி கன அடி கொள்ளளவுக்கு மட்டுமே கீழ்மடையில் இருந்த சென்னை அரசு முதலில் இசைந்தது. மைசூரோ முழு உயரத்துக்கும் ஏற்ற அடித்தளத்தையே இட்டது. அவ்வாறு எழுந்த வழக்கு, நடுவர் விசாரணையைக் கடந்து, 1924 உடன்படிக்கையில் முடிந்தது. காவிரிப் பூசலை நெல்லின் வழக்காக மட்டும் எழுதுவோர் தங்கத்தை மறந்துவிடுகின்றனர்; மேல்மடையில் நீரைத் தேக்கும் அவசரத்தை உண்டாக்கியதில் சுரங்கத்தின் மின்தேவைக்குப் பெரும் பங்கு உண்டு.

1956-இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது கொள்ளேகால் மைசூரோடு இணைந்தது. கோலார் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. சிவசமுத்திரத்து மின்நிலையம் இன்றும் இயங்கி வருகிறது.