வேதாள சாதனை: தோள்வலியிலிருந்து மௌனத்துக்கு

வேதாளத்தை வசப்படுத்தி, வித்யாதரர் என்னும் வானவரின் பதவி பெறும் சடங்கு, வடமொழிக் கதையுலகில் பல நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சுடுகாடு, தேய்பிறைச் சதுர்த்தசி இரவு, ஒரு பிணம், மந்திரவாதிக்குத் துணையாக ஒரு வீரன். இவை பெரும்பாலும் மாறுவதில்லை. சாதகனுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது, சித்தி கடைசியில் யாரைச் சேர்கிறது என்ற இரண்டும்தான் காலந்தோறும் மாறியிருக்கின்றன.

இச்சடங்கை மிக நெருக்கமாகக் காட்டுபவர் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாணபட்டர். ஹர்ஷசரிதத்தின் மூன்றாம் பகுதியில், தெற்கிலிருந்து வந்த சைவத் துறவி பைரவாசாரியர் தானேசுவரத்து மன்னன் புஷ்யபூதியிடம் உதவி கேட்கிறார். சாம்பலால் வரைந்த வட்டத்துக்குள், செஞ்சந்தனம் பூசிய பிணம் மல்லாந்து கிடக்கிறது. அதன் மார்பின்மேல் துறவி அமர்கிறார். அவர் உடுத்திருப்பதெல்லாம் கறுப்பு. பிணத்தின் வாயிலே தீ மூட்டி அதில் கறுப்பு எள்ளை ஆகுதியாக இடுகிறார். நான்கு திசைக்கும் நான்கு காவல். மன்னன் ஒருவன், துறவியின் ஆட்கள் மூவர். அந்த மூவரில் கர்ணதாலனைத் திராவிடன் என்கிறார் பாணபட்டர். வடநாட்டு அரசவைக் கவிகள் தென்னாட்டை மந்திர வித்தையின் உறைவிடமாக நினைத்ததற்கு இது நல்ல சான்று.

நிலம் பிளந்து ஸ்ரீகண்டன் என்னும் நாகன் எழுகிறான். மூவரையும் அடித்து வீழ்த்துகிறான். அவனிடம் ஆயுதம் இல்லாததால் மன்னன் தன் வாளை எறிந்துவிட்டு வெறுங்கையால் மல்லுக்கு நிற்கிறான். கீழே தள்ளித் தலையைக் கொய்யப் போகும்போது மார்பில் பூணூலைக் கண்டு கையை நிறுத்திக்கொள்கிறான். அப்போது தோன்றும் திருமகளிடம் அவன் வேண்டுவது துறவியின் வெற்றியை மட்டுமே. பைரவாசாரியர் வித்யாதரனாகி வானேறுகிறார். கேளாமலே மன்னனுக்கு ஒரு பேரரச மரபின் மூதாதை என்னும் பெருமை கிடைக்கிறது. இங்கே ஆபத்து முழுக்க உடலுக்கானது. சாதகனும் நல்லவன், காவலனும் நல்லவன்.

அடுத்த நூற்றாண்டில் பவபூதியின் மாலதீமாதவத்தில், சாதகன் நல்லவன் என்ற நம்பிக்கை உடைந்துவிடுகிறது. சாமுண்டி கோயிலில் நாயகி மாலதியைப் பலியிட நிற்கும் காபாலிகன் அகோரகண்டன் வெளிப்படையான வில்லன்.

11ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் சோதனையே உருமாறுகிறது. அந்நூலைப் போலவே குணாட்டியரின் பிருகத்கதை வழியில் வந்த புதஸ்வாமியின் நூலில், சோமதேவர் சொல்லும் வேதாளக் கதைத்தொகுதி இல்லை. ஆகவே இது காஷ்மீர மரபில் சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். நாள்தோறும் பழத்துக்குள் மணி வைத்துக் கொடுத்து மன்னன் திரிவிக்கிரமசேனனை வளைக்கிறான் துறவி க்ஷாந்திசீலன். மன்னன் மரத்திலிருந்து இறக்கி மௌனமாகச் சுமந்துவர வேண்டிய பிணத்துக்குள் வேதாளம் இருக்கிறது. வழியில் அது கதை சொல்லிப் புதிர் போடுகிறது; அதன் சோதனைக்கு வாள் உதவாது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து பிணம் மரத்துக்கே போய்விடும். அறிவுள்ளவனால் இந்தச் சோதனையை வெல்லவே முடியாது. கடைசிப் புதிரில், ஒரு தந்தை வேறொருத்தியின் மகளையும் அவன் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. மன்னனுக்கு உண்மையாகவே விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். வெற்றி அந்த நேர்மையான அறியாமையால்தான் வருகிறது. மகிழ்ந்த வேதாளம் துறவியின் சதியைச் சொல்லிவிடுகிறது. விழுந்து வணங்கச் சொல்பவனிடம், 'எப்படி என்று முதலில் நீர் செய்துகாட்டும்' என்று கேட்டு, குனிந்த தலையை மன்னன் வெட்டுகிறான். க்ஷாந்திசீலன் ஆசைப்பட்ட வித்யாதர அரசுரிமை, அதை ஒருபோதும் நாடாதவனுக்குக் கிடைக்கிறது. புஷ்யபூதி கதையில் விதையாக இருந்த எண்ணம் இதில் முழுதாக விளைந்திருக்கிறது.

1947இல் தொடங்கிய அம்புலிமாமா என்னும் சிறுவர் மாத இதழால்தான் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தப் பிணத்தையும், அதில் விக்கிரமன் என்றே அழைக்கப்பட்ட திரிவிக்கிரமசேனனையும் அறிந்தார்கள். ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக ஓவியர் சங்கர் தீட்டிய விக்கிரமன், இன்றும் பலர் கண்ணில் நிற்கிறான். பழைய புதிர்கள் போய்ப் புதுக்கதைகள் வந்தன. தலை வெடிக்கும் என்ற மிரட்டல் தங்கியது. துறவியின் வஞ்சகமும் வித்யாதரப் பதவியும் பின்னுக்குப் போயின. மாதம் ஒரு கதை வேண்டுமானால் மாதம் ஒருமுறை விக்கிரமன் வாய்திறந்தே ஆகவேண்டும். சோமதேவர் அவனுக்குக் கொடுத்த அந்தக் கடைசி மௌனத்துக்குத் தொடரில் இடமே இல்லாமல் போயிற்று.