பொறி பிறக்கும் கணம்

பொறி என்ற சொல்லுக்குத் தீத்துளி என்றும் இயந்திரம் என்றும் தமிழில் பொருளுண்டு. பழைய மோட்டார் வண்டிகளின் வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதவை என்பது நமக்கு விளங்குகிறது. எந்தக் கணத்தில் தீப்பொறி பிறக்கிறதோ அதைப் பொறுத்தே எஞ்சினின் இயக்கம் அமையும். அந்தக் கணத்தைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு ஒரு காலத்தில் ஓட்டுநரின் இடக்கையில் இருந்தது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இரண்டு சிறு நெம்புகோல்கள் உண்டு. வலப்புறத்தது எஞ்சினின் வேகத்துக்கு. இடப்புறத்தது பொறியின் நேரத்துக்கு.

நேரத்தை ஏன் மாற்ற வேண்டும்? பெட்ரோல் ஆவி முழுதும் எரிவதற்குச் சில மில்லிவினாடிகள் தேவை. நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும் எஞ்சின் ஒரு மில்லிவினாடியில் 6 பாகை திரும்பிவிடும். எனவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி பிறந்தாக வேண்டும். கையால் சுழற்றிக் கிளப்பும்போதோ வேகம் மிகக் குறைவு. அப்போது பொறி முந்தினால், எரிவாயுவின் அழுத்தம் ஏறிவரும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். ஹேண்டில் எதிர்த்திசையில் சுழன்று, பிடித்திருப்பவரின் கையை முறிக்கும். ஆகவே இடப்புற நெம்புகோலை முழுதும் மேலேற்றிப் பொறியைத் தாமதப்படுத்திய பிறகே ஹேண்டிலைத் தொட வேண்டும் என்பது விதி. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்வதும், ஹேண்டிலைக் கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுப்பதும் அக்கால ஓட்டுநர்களின் பாலபாடம்.

இந்த விதி பலிக்க, நேரம் முதலிலேயே சரியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினின் முன்புறமுள்ள டைமருக்குள் ஓர் உருளை சுழன்று நான்கு மின்முனைகளை வரிசையாகத் தொடும். ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று என்ற முறையில் சிலிண்டர்கள் எரியும். நெம்புகோலை மேலேற்றி வைத்து, முதல் பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியைச் சற்றே தாண்டும்வரை எஞ்சினை மெல்லத் திருப்புவார்கள். அந்த இடத்தில்தான் மரப்பெட்டிக்குள் இருக்கும் சுருள் ரீங்கரிக்க வேண்டும். அதற்கு முன்பே ரீங்கரித்தால், டைமரோடு இணைந்த கம்பியைச் சிறிது வளைத்துச் சரிசெய்வார்கள். அளவுகோல் காதுதான், பிழைக்கு விலை எலும்பு.

1912இல் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்கிளப்பி வந்தது. மாடல் டிக்கு 1919இல் அது கிடைத்தது. கிளப்பும் ஆபத்து அகன்றாலும் நேரத்தைக் கணிக்கும் வேலை கையைவிட்டு உடனே அகலவில்லை. 1927இல் வந்த மாடல் ஏ வண்டியிலும் அந்த இடப்புற நெம்புகோல் இருந்தது. பின்னர் மையவிலக்கு எடைகளும் வெற்றிட விசையும், அவற்றுக்குப் பின் கணினியும் அப்பணியை ஏற்றன.

மணிக்கட்டருகே ஆரை எலும்பின் நுனி முறிவதை மருத்துவ நூல்கள் இன்றும் 'ஷோஃபர் முறிவு' என்றே குறிக்கின்றன. நெம்புகோல் மறைந்துவிட்டது, முறிந்த கைகளின் நினைவு ஒரு நோயின் பெயரில் தங்கிவிட்டது. ஷோஃபர் என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதற்பொருள் தீ மூட்டுபவன் என்பதையும் நாம் சேர்த்தே எண்ணிப் பார்க்கலாம்.