பிள்ளை யாருக்குச் சொந்தம்?

1804ஆம் ஆண்டு இலண்டனில், எலன்பறோ பிரபுவின் முன் எட்டு மாதக் குழந்தையொன்றைப் பற்றிய வழக்கு வந்தது. கணவனைப் பிரிந்து வாழ்ந்த தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த அக்குழந்தையைத் தந்தை பலவந்தமாகப் பறித்துச் சென்றுவிட்டான். சட்டப்படி உரிமையுடையவன் தந்தையே என்று நீதிமன்றம் தாயின் மனுவைத் தள்ளிவிட்டது.

இதனை நீதிபதியின் கல்நெஞ்சமென்று கூறி நாம் அமைந்துவிட முடியாது. அக்கால இங்கிலாந்தில் மணமான பெண் உழைத்த கூலியே கணவனுக்குச் சொந்தம். அவள் பெற்ற பிள்ளை மட்டும் அவளுடையதாகுமா?

இந்நிலையை அசைக்க முனைந்தவர் கரலைன் நோர்ட்டன் என்ற எழுத்தாளர். 1836இல் அவருடைய கணவர் மூன்று மைந்தரையும் அவரிடமிருந்து பிரித்தார். பிரதமர் மெல்போர்ண் பிரபு தம் மனைவியுடன் கள்ளத்தொடர்பு கொண்டாரென வழக்கும் தொடுத்தார். யூரிமார் ஆசனத்தை விட்டு எழாமலே அதனைத் தள்ளினர். பிள்ளைகளோ திரும்பவில்லை. கரலைன் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றை ஆண்பெயரில் வெளியிட்டார். (பெண்ணின் நியாயமும் ஆணின் பெயரில் சென்றாற்றான் கனவான்கள் வாசிப்பர் போலும்!) 1839இல் சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கவும், மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் தாய் மனுச் செய்யலாம். விபசாரக் குற்றம் நிரூபிக்கப்பட்டவளுக்கு இரண்டுமில்லை.

ஆனால் மனுச் செய்யவேண்டிய இடம் சான்சரி நீதிமன்றம். அங்கு வழக்காடப் பொருள் வேண்டும். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காய். 1834இல் இதே பாராளுமன்றம் இயற்றிய வறியோர் சட்டத்தையும் நாம் மறத்தலாகாது. வாழ வழியற்று வறியோர் விடுதி புகுந்த குடும்பங்களில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு பகுதிகளில் அடைக்கப்பட்டனர். சீமாட்டியின் கண்ணீருக்கு இரங்கிய சபை, ஏழைத் தாயின் பிள்ளையைத் தானே பிரித்து வைத்தது.

கரலைனுக்கும் அச்சட்டம் கைகொடுக்கவில்லை. பிள்ளைகள் ஸ்கொத்லாந்தில் வைக்கப்பட்டிருந்தமையால் ஆங்கிலச் சட்டத்தின் கை அங்கு எட்டவில்லை. 1842இல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து, காயத்தில் நஞ்சேறி இறந்தான். தாய் வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

இத்துணைப் போராட்டத்திலும் பேசப்பட்டது பெற்றோரின் உரிமையே. பிள்ளையின் நலனையும் கருதவேண்டுமென 1886ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று; பெற்றோரின் நடத்தை, விருப்பம் ஆகியவற்றோடு ஒன்றாகத்தான். நலனே முதன்மையானதென 1925ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அத்துடன், சிறிய நீதவான் நீதிமன்றங்களிலும் தாய் மனுச் செய்ய வழி திறந்தது. எம் மதிப்பில், ஏழைப் பெண்ணுக்கு முன்னதினும் பின்னதே பெரிது. பிள்ளையின் விருப்பத்தையும் உணர்வையும் அதன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பக் கேட்டறிய வேண்டுமென்ற விதி 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதன் முதற் பிரிவில் இடம்பெற்றது.