சோம்பல் என்னும் சொல்லின் வரலாறு

ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில், நன்றாகப் படித்துவந்த மாணவன் ஒருவன் தாயை இழந்தபின் படிப்பில் பின்தங்கினான். நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை என்பான். வகுப்பார் முன்னிலையில் அவனைச் 'சோம்பேறி' என்றோம். அச்சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஞானோபதேசத்தில் நாம் மனனம் செய்த தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று. அது அப்பட்டியலில் இடம்பெற்ற வரலாறு சிந்திக்கத்தக்கது. எகிப்தியப் பாலைநிலத்தில் தவம் செய்து 399இல் மறைந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, மனத்தைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். துயரம் அவற்றுள் ஒன்று. 'அகேதியா' என்னும் உளத்தளர்ச்சி மற்றொன்று. இத்தளர்ச்சிக்கு ஆட்பட்டவர் நூலை எடுத்தால் கொட்டாவி விடுவார், கண்களைத் தேய்த்துச் சுவரை நோக்குவார், மீதமுள்ள ஏடுகளை எண்ணுவார் என்று அவர் விவரித்தார். பின்னர்த் திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் (590–604) பாவங்களை ஏழாகத் தொகுத்தபோது, அவற்றுள் துயரத்தைச் சேர்த்தார். பிற்காலத்தார் அவ்விடத்தில் அகேதியாவை வைத்தனர். காலப்போக்கில் அது வெறும் சோம்பலாகச் சுருங்கிற்று. துயரம் இருந்த இடத்தில் சோம்பல் வந்து அமர்ந்தது.

அகேதியாவும் மனச்சோர்வு நோயும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் ஏட்டில் மனம் ஊன்றாமை இரண்டிலும் உண்டு. பண்டைய கிரேக்க மருத்துவர் இத்தகைய துயர நோய்க்குக் கரும்பித்தமே காரணம் என்றனர். பித்தத்தைப் பற்றிய அவர்கள் கருத்துத் தவறு. உடலிலும் காரணம் தேடியது தவறன்று.

நினைவு உருவாவதில் மூளையின் எப்பகுதிக்குப் பங்குண்டு என்பது மிகப் பின்னரே தெளிவாயிற்று. 1953இல் வலிப்பு நோய் தீரும்பொருட்டு ஓர் இளைஞரின் மூளையில் அறுவை செய்து, கடற்குதிரை வடிவான 'ஹிப்போகாம்பஸ்' என்னும் பகுதியின் கணிசமான அளவை இருபுறமும் அகற்றினர். அதன்பின் புதியவற்றை நினைவில் இருத்த அவரால் இயலவில்லை. ஸ்கோவில், பிரெண்டா மில்னர் ஆகியோர் 1957இல் இதனை வெளியிட்டனர்.

1996இல் ஷெலின் என்பாரும் உடன் ஆய்ந்தோரும், மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்தோரிடம் இப்பகுதி சிறுத்திருப்பதைக் காந்தப் படங்களின் வழிக் கண்டனர். 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு 1,728 நோயாளரின் மூளைப் படங்களை நலமுற்ற 7,199 பேரின் படங்களுடன் ஒப்பிட்டது. சராசரி வேறுபாடு ஒரு விழுக்காட்டைச் சற்றே கடந்தது. நோய் இளமையிலேயே தொடங்கியோரிடமும், பலமுறை வந்தோரிடமும் அது புலப்பட்டது. இவ்வேறுபாடு சிறிது, எல்லாரிடமும் காணப்படுவதன்று. படம் எடுத்து நோயை அறியவும் இயலாது. ஆயினும் ஒன்று உறுதியாகிறது: மனச்சோர்வு உடலையும் தொடுகிறது.

நீடித்த மனஅழுத்தத்தில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, இப்பகுதியின் நரம்பணுக் கிளைகளைச் சுருங்கச் செய்வதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. அழுத்தம் நீங்கியதும் அக்கிளைகள் மீண்டும் வளர்வதையும் அதே ஆய்வுகள் காட்டின. இது நமக்கு நம்பிக்கையூட்டும் செய்தி. மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, உளவழிச் சிகிச்சையும் உண்டு.

சோம்பல் என்பதே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் ஏடுகளை எண்ணிக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால், அப்பெயரைச் சூட்டுமுன், 'உனக்கு என்ன துயரம்?' என்று கேட்போம். தேவையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அம்மாணவனிடம் அன்று நாம் அக்கேள்வியைக் கேட்கவில்லை.