கத்திவாக்கம்: ஒரு நகராட்சி இருந்த இடம்

எம்.கே.பி. நகர்ல இருக்கிற நமக்கு எண்ணூர் ஒண்ணும் தூரமில்லை. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் விம்கோ நகர் தாண்டியதும் கத்திவாக்கம் வந்துவிடும். ஆனால் இது தனி நகராட்சியாக இருந்தது என்று சொன்னால் இன்று பலருக்கும் தெரிவதில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம். தெற்கே எர்ணாவூர்ப் பக்கம் மட்டும்தான் தரை. தீவு என்று சொல்ல ஒரு பக்கம்தான் குறை. மேற்கே உள்ள நீரும் இயற்கை கொடுத்ததல்ல. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்குப் படகு விட வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. பக்கிங்காம் பெயர் 1878இல்தான் வந்தது.

தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று மீனவக் குப்பங்களாக இருந்த கரைக்கு 1948இல் இன்றைய அசோக் லேலண்ட் வந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட். 2017இல் மூடிவிட்டார்கள். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் 2001இல் துறைமுகம். இறாலும் மடவையும் பிடித்த கழிமுகம் இதற்கெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டது.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் அதில் கரைந்தன. சுமார் 36 ஆயிரம் பேர் இருந்த கத்திவாக்கமும் அதில் ஒன்று. இப்போது மண்டலம் 1, திருவொற்றியூர். பெயர்ப்பலகையில்கூட பக்கத்து ஊர்தான்!

அந்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் 2017 ஜனவரி 28, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியது. வாளியால் அள்ளினார்கள். அப்போது போய் முறையிட ஒரு கவுன்சிலர்கூட இல்லை. நியாயமாகச் சொல்லணும், நகராட்சியாகவே இருந்திருந்தாலும் அதே கதிதான். தமிழ்நாடு முழுக்கவே உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஆனால் கத்திவாக்கம் என்ற பெயரில் ஓர் அலுவலகமாவது இருந்திருக்கும், தலைவர் நாற்காலி காலி என்றாவது தெரிந்திருக்கும்.

நார்வேயில் சான்டோய் என்ற தீவு நகராட்சி, பக்கத்து ஹராமோடு சேர்ந்து 2020இல் ஓலெசுண்டுடன் இணைக்கப்பட்டது. ஹராம் பிடிக்கவில்லை என்று சொல்லி 2024இல் பிரிந்து போய்விட்டது. சான்டோய் பெரிய ஊரோடேயே நின்றுவிட்டது. பிரிந்து போவது நல்லதா என்பது வேறு விவாதம். பிரியணுமான்னு அங்கே கேட்கவாவது முடிந்தது. இங்கே 2011இல் சேரும்போதும் சரி, அதற்குப் பிறகும் சரி, தாழங்குப்பத்துக்காரரிடம் அப்படி ஒரு வாக்குச்சீட்டை யாரும் நீட்டியதில்லை.